பழைய சிறு டிராக்டரின் ஸ்டார்ட்டிங் பாதுகாப்பு சுவிட்ச்: கட்டுப்படியான விலையில் மாற்று உண்டா?

கேள்வி (பேராவூரணிப் பக்கத்து விவசாயி)

அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பேராவூரணிக்கு அருகே 3 ஏக்கர் தென்னந்தோப்பும், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் 2 ஏக்கர் நஞ்சையும் இருக்கின்றன. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. புதிதாக வைத்த கன்றுகளுக்கு இடையே பெரிய டிராக்டரைத் திருப்ப இடமில்லாததால், 18 குதிரைத்திறன் கொண்ட 3 சிலிண்டர் டீசல் சிறு டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். வண்டிக்கு 20 வயதுக்கு மேல் இருக்கும். இஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லை எல்லாம் ஸ்டார்ட் செய்வதில்தான்.

இந்த வண்டியில் மூன்று பாதுகாப்பு சுவிட்சுகள் உள்ளன. கியர்பாக்ஸ் மேல்மூடியில் ஒன்று (நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும்), கிளட்ச் மிதியின் அருகே ஒன்று, பி.டி.ஓ. (பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) லீவரில் ஒன்று. கிளட்ச் சுவிட்சை முந்தைய உரிமையாளரே கழற்றிவிட்டு இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறார். நியூட்ரல் சுவிட்ச் பத்து முறை சாவி திருப்பினால் நான்கு முறைதான் வேலை செய்கிறது. அதன் கழுத்தைச் சுற்றி கியர் ஆயிலும் கசிகிறது. பி.டி.ஓ. சுவிட்ச் மட்டும் இதுவரை ஒழுங்காக இருக்கிறது.

உதிரிபாகக் கடையில் கேட்டபோது, இந்த மாடலுக்குச் சுவிட்ச் தனியாக வருவதில்லை, மேல்மூடியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லி ஒரு விலையும் சொன்னார்கள். அந்தப் பணத்தில் பின் சக்கரத்துக்கு ஒரு டயரே வாங்கிவிடலாம். ஊர் மெக்கானிக்கோ, நியூட்ரல் சுவிட்சையும் டைரக்ட் செய்துவிட்டால் (சுவிட்சை விலக்கி, ஒயர்களை நேராக இணைத்துவிட்டால்) பிரச்சினை தீர்ந்தது என்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஏனெனில் கல்லூரி விடுமுறையில் என் மகனும் இந்த வண்டியை ஓட்டுகிறான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவைச் சேற்றுழவுக்கு வண்டியை இறக்கியாக வேண்டும். அதற்குள், வேறு வண்டிகளின் சுவிட்ச் எதையாவது இதில் பொருத்த முடியுமா, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (மன்னார்குடி, நெல் விவசாயம்)

ஐயா, நான் பல வருடங்களாக டிராக்டர் ஓட்டுகிறேன். என்னிடம் இருந்த எந்த வண்டியிலும் இந்தச் சுவிட்சுகள் இரண்டு போகத்துக்கு மேல் தாங்கியதில்லை. சேறும் தண்ணீரும் போகிற இடத்தில் மின்சார நுணுக்கங்களை வைத்தால் அப்படித்தான் ஆகும். டைரக்ட் செய்துவிட்டு, ஏறி உட்கார்ந்ததும் கியர் கம்பியை ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சாவி போடும் பழக்கத்தை மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். செலவில்லாத வழி அதுதான்.

பதில் (கும்பகோணம், ஆட்டோ எலக்ட்ரீஷியன், இப்போது ஓய்வில்)

மேலே எழுதிய நண்பரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன வழியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கான காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். முதலில் கேள்வி கேட்டவரிடம் ஒரு விண்ணப்பம்: சுவிட்ச் வாங்குவதற்கு முன், குற்றம் சுவிட்சில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சேற்றுழவுக்குப் போகும் வண்டிகளில், சுவிட்ச் கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்தவற்றில் கணிசமானவை எர்த் கோளாறாகவே இருந்தன. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து சேஸிக்கு வரும் பின்னல் ஒயரின் லக், சேறு காய்ந்து காய்ந்து பச்சைக் களிம்பு பிடித்துக் கிடக்கும். அதைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டியதுமே பாதி வண்டிகள் எழுந்துவிடும்.

அதைச் செய்த பிறகும் தொல்லை இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். வோல்ட் அளவில் வைத்து, ஒரு முள்ளைச் சுவிட்சுக்குள் போகும் முனையிலும் மற்றொன்றைச் சுவிட்சிலிருந்து வெளியேறும் முனையிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடிக்கச் சொல்லுங்கள். சுவிட்ச் நன்றாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே தொடுமுனை கருகியிருக்கிறது. 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் சுவிட்ச் மூடவே இல்லை. பத்துக்கு நான்கு முறை என்று நீங்கள் எழுதியிருப்பதையும் ஆயில் கசிவையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் நியூட்ரல் சுவிட்ச் உண்மையிலேயே தேய்ந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது, இருந்தாலும் சோதித்துவிடுங்கள்.

இனி வாங்குவது பற்றி. கடையில் போய் வண்டியின் பெயரையும் மாடலையும் சொல்லிக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். சுவிட்சைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, மரையின் அளவும் மரை இடைவெளியும். வெர்னியரும் பிட்ச் கேஜும் லேத் பட்டறையில் இருக்கும்; பணம் கூட வாங்காமல் பார்த்துச் சொல்வார்கள். இரண்டாவது, நுனியில் உள்ள குண்டு அல்லது ஊசி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, அழுத்தினால் எவ்வளவு உள்ளே போகிறது என்பது. மூன்றாவதுதான் முக்கியமானது, அதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்: அழுத்தும்போது மூடுகிற சுவிட்சா, விடும்போது மூடுகிற சுவிட்சா என்பது. நியூட்ரலில் கியர் ராடு சுவிட்சின் குண்டை உள்ளே தள்ளும் வண்டியும் உண்டு. நியூட்ரலில் பள்ளத்தில் விட்டுவிட்டு, கியர் போட்டால் தள்ளுகிற வண்டியும் உண்டு. மீட்டரை, இணைப்பு கிடைத்தால் ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, உங்கள் பழைய சுவிட்சையே விரலால் அழுத்தி, ஒலி எப்போது வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். முழுதும் செத்துவிட்ட சுவிட்ச் என்றால், அது இருந்த துளைக்குள் டார்ச் அடித்து, உதவிக்கு ஒருவரைக் கியர் மாற்றச் சொல்லிப் பாருங்கள்.

அழுத்தினால் மூடுகிற வகையாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கார்களிலும் வேன்களிலும் கியர்பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் விளக்குச் சுவிட்ச் பெரும்பாலும் இதே அமைப்புதான்: ஆயில் புகாத உடல், குண்டு நுனி, அழுத்தினால் மூடும் தொடுமுனை, இரண்டு முள். எம்14 அளவில் (மரையின் விட்டம் 14 மி.மீ.) 1.5 மி.மீ. மரை இடைவெளியோடு வருவது அவற்றில் பரவலானது. உங்கள் துளையும் அதே அளவாக இருந்தால், மேல்மூடிக்குச் சொன்ன விலையில் சிறு பங்கு கொடுத்தால் போதும். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் கார் உதிரிபாகக் கடைகளிலேயே கிடைக்கும். பழையதே போதும் என்றால் சென்னை புதுப்பேட்டையும் கோயம்புத்தூர் உக்கடமும் இருக்கின்றன. ஆனால் இந்த ஒரு பொருளைப் பழையதாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், தேய்மானம் வெளியே தெரியாது.

பொருத்தும்போது செம்பு வாஷர் ஒன்றோ இரண்டோ போட்டு ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும். மிகவும் உள்ளே போனால் குண்டு எப்போதும் அழுந்தியே இருக்கும், எல்லாக் கியரிலும் ஸ்டார்ட் ஆகிவிடும். கியர் ராடும் இறுகும். வெளியே நின்றால் நியூட்ரலிலும் தொடாது. இஞ்சினை நிறுத்தி வைத்து, மீட்டரின் ஒலி நியூட்ரலில் மட்டும் வந்து, முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு கியரிலும் நின்றுபோகிறதா என்று பொறுமையாகச் சோதியுங்கள்.

பதில் (திருவாரூர், வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர்)

ஐயா சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். அந்தப் பழைய சுவிட்ச் ஏன் கருகியது என்பதைக் கவனிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் கருகும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் உருளையாக இருக்கும் சோலனாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்தம்), இழுக்கும் அந்த ஒரு நொடியில் 30 ஆம்பியருக்கு மேலும் வாங்கக்கூடும். ரிவர்ஸ் விளக்குச் சுவிட்ச் இரண்டு பல்புகளுக்காகச் செய்யப்பட்டது. ஒரு பல்பு 21 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து மூன்றரை ஆம்பியர்தான். ஆகவே அந்தச் சுவிட்சின் வழியாகச் சோலனாய்டின் மின்னோட்டத்தை நேராக விடக்கூடாது. நடுவே 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று வையுங்கள். ஹார்னுக்கும் ஹெட்லைட்டுக்கும் போடும் அதே நான்கு முள் ரிலேதான். தேநீர் செலவை விடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

இணைப்பு இப்படி: ரிலேயின் 30 என்ற முள்ளுக்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர். 87-லிருந்து சோலனாய்டின் சிறிய முனைக்கு அதே தடிமன் ஒயர். சாவியின் ஸ்டார்ட் முனையிலிருந்து வரும் மெல்லிய ஒயர் பி.டி.ஓ. சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து 86-க்கு வரட்டும். 85 எர்த்துக்குப் போகட்டும். ரிலேயின் சுருளுக்குத் தேவைப்படுவது கால் ஆம்பியருக்கும் குறைவு. அந்த அளவுக்கு எந்த மலிவான சுவிட்சும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இதில் எந்த ஒயர் அறுந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்குமே தவிர, தவறான நேரத்தில் ஸ்டார்ட் ஆகாது. சிலருடைய வண்டியில் நியூட்ரல் சுவிட்சுக்கு ஒரே ஒரு முள்தான் இருக்கும், உடல் வழியாக எர்த் ஆகும். அப்படியானால் 85-ஐ நேராக எர்த்துக்குக் கொடுக்காமல் அந்த முள்ளுக்குக் கொடுத்துவிட்டால் போதும்.

கிளட்ச் சுவிட்சுக்கு மோட்டார் சைக்கிளின் பின் பிரேக் சுவிட்சைப் போடுங்கள். ஸ்பிரிங் கட்டி இழுத்தால் மூடுகிற அந்தச் சின்ன சுவிட்சுக்கு நூறு ரூபாய் கூட ஆகாது. காரின் பிரேக் விளக்குச் சுவிட்சையும் போடலாம். மிதி ஓய்வில் இருக்கும்போது அதன் ஊசி அழுந்தித் திறந்திருக்கும், மிதித்தால் ஊசி விடுபட்டு மூடிக்கொள்ளும். கிளட்சுக்கும் நமக்கு வேண்டியது அதுவேதான்.

பதில் (கும்பகோணம், ஆட்டோ எலக்ட்ரீஷியன்)

தம்பி, ரிலே யோசனை மிகச் சரி, நான் விட்டுவிட்டேன். ஆனால் கார் பிரேக் சுவிட்சைக் கிளட்சுக்குப் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரேக் மிதி சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே அது மூடிவிடும். பிரேக் விளக்குக்கு அதுதான் வேண்டும். கிளட்ச் விடுபடுவதோ மிதி கீழே வந்த பிறகுதான். சும்மா கால் வைத்தாலே சுவிட்ச் மூடிவிட்டால் பாதுகாப்பு பெயரளவுக்குத்தான் இருக்கும். நீங்கள் முதலில் சொன்ன மோட்டார் சைக்கிள் சுவிட்சே நல்லது, ஏனென்றால் அதன் ஸ்பிரிங்கில் தொய்வு விட்டுக் கட்டினால், மிதி முக்கால் வாசி கீழே வந்த பிறகே இழுபடும்படி செய்துகொள்ளலாம்.

டைரக்ட் செய்வது பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்பவர் கியரை ஆட்டிப் பார்ப்பார் என்பது உண்மைதான். ஆனால் சுவிட்சுகள் இல்லாத வண்டியில் பேட்டரி சற்று இறங்கியதும், கீழே நின்றுகொண்டே ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளைத் தொட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. நிற்கும் இடம் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். கியரில் இருந்தால் டீசல் இஞ்சின் இரண்டு சுற்றிலேயே பிடித்துக்கொண்டு புறப்படும். எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு இப்படிக் கால் போயிற்று. அந்தக் காலத்தில் டிராக்டரை வடிவமைத்தவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது: 1946-இல் இங்கிலாந்தின் கவெண்ட்ரியில் வரத் தொடங்கிய ஃபெர்குசன் டி.இ.20 வண்டியில் ஸ்டார்ட்டருக்குத் தனிப் பொத்தானே கிடையாது. கியர் கம்பியையே 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும், ஆகவே கியரில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யவே முடியாது. சுவிட்ச் கெட்டுப்போகும் என்ற பேச்சுக்கே இடம் வைக்காத ஏற்பாடு அது. அந்த வண்டியை நான் பழுது பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு வியப்புதான்.

பதில் (சொந்த ஊர் நீடாமங்கலம், இப்போது அமெரிக்காவில்)

இங்கே என் வீட்டுப் புறத்தில் 1970-களின் பெட்ரோல் தோட்ட டிராக்டர் ஒன்றை வைத்துப் புல் வெட்டுகிறேன். பொழுதுபோக்குதான், உங்களைப் போல வயிற்றுப்பாடு இல்லை. இந்த உரையாடலைப் பார்த்ததும், உலகம் முழுவதும் பழைய வண்டிக்காரர்களின் கதை ஒன்றுதான் என்று தோன்றியது. இங்கேயும் தயாரிப்பாளர் பெயர் அச்சிட்ட பெட்டியில் வந்தால் ஒரு விலை, அதே சுவிட்ச் வெறும் உறையில் வந்தால் வேறு விலை. இந்தத் தோட்ட வண்டிகளின் சுவிட்சுகளைச் செய்வது பெரும்பாலும் வண்டிக்காரர்கள் அல்லர். ஒஹையோ மாநிலத்து டெல்டா சிஸ்டம்ஸ் போன்ற சுவிட்ச் நிறுவனங்கள்தான் பலருக்கும் செய்து கொடுக்கின்றன (பெயரைப் பார்த்ததும் நம் ஊர் நினைவு வந்ததை மறைக்க மாட்டேன்). ஆகவே சுவிட்சின் உடலில் பொறித்த எண்ணைத் துடைத்துப் பார்த்துத் தேடுவதுதான் இங்கே எங்கள் வழக்கம். உங்கள் சுவிட்சின் உடலிலும் எண் இருக்கலாம். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பாருங்கள்.

இங்கிருந்து வரவழைக்கலாமா என்று யாரேனும் நினைத்தால் ஓர் எச்சரிக்கை. இங்குள்ள பெட்ரோல் வண்டிகளில் இருக்கைச் சுவிட்ச் எதிர்மாறாக வேலை செய்யும். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் அமைப்பு) உள்ள இஞ்சினை நிறுத்துவதற்கு அதன் நிறுத்து ஒயரை எர்த்தில் தொடவைக்க வேண்டும். எனவே ஆள் எழுந்ததும் மூடிக்கொள்ளும் சுவிட்சாக அது இருக்கும். டீசலில் எர்த் செய்து எதையும் நிறுத்த முடியாது; எரிபொருளை அடைக்க வேண்டும். நான்கு முள் உள்ள சுவிட்சில் ஒரு ஜோடி திறந்த வகையாகவும் ஒரு ஜோடி மூடிய வகையாகவும் இருப்பதும் உண்டு, மாற்றி மாட்டினால் காரியம் கெடும். உங்கள் தேவைக்கு அங்குள்ள கார் சுவிட்சே போதும். கப்பல் கூலி கொடுத்து வரவழைப்பது வீண்.

பதில் (மன்னார்குடி, நெல் விவசாயம்)

ஐயா எழுதியதைப் படித்தேன். அந்த ஸ்க்ரூடிரைவர் பழக்கம் என்னிடமும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரிலேயை எந்த இடத்தில் வைத்தால் சேறு படாது என்று யாராவது எழுதுங்கள். நானும் போட்டுப் பார்க்கிறேன்.

பதில் (திருவாரூர், வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர்)

அண்ணா, டேஷ்போர்டின் உட்புறம், மீட்டருக்குப் பின்னால் வையுங்கள். முட்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், அப்போதுதான் தண்ணீர் தேங்காது. முட்களில் கொஞ்சம் வாசலினைத் தடவி, ஒயர் மூட்டுகளில் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுவிடுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் ஒரு சேற்றுழவோடு பசை விட்டுவிடும். கொட்டகையில் எலி இருந்தால் ஒயரை வளைகுழாய்க்குள் விடுவது நல்லது. சம்பா அறுவடைக்குப் பிறகு எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் எலி கடித்த வண்டிகள்தான். பேட்டரிக்குக் கைப்பிடி வைத்த கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்றும் போட்டுவிடுங்கள். ரிலேயின் தொடுமுனை எப்போதாவது ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்தாலும் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது கையால் துண்டிக்க வழி வேண்டும்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி முதலில் எர்த் லக்கைத் தேய்த்தேன். பத்துக்கு நான்கு என்பது ஏழானது. மீதியைச் சோதித்தபோது சுவிட்சின் குறுக்கே மீட்டர் சில நேரம் 2 வோல்ட், சில நேரம் 12 வோல்ட் காட்டியது. கழற்றிப் பார்த்தால் அழுத்தினால் மூடுகிற வகைதான். லேத் பட்டறையில் எம்14, இடைவெளி 1.5 என்றார்கள். பட்டுக்கோட்டையில் ஒரு கடையில் வேன் ஒன்றின் ரிவர்ஸ் சுவிட்ச் 240 ரூபாய்க்குக் கிடைத்தது. குண்டு எங்கள் பழையதை விட ஒரு மில்லிமீட்டர் நீளம். ஒரு செம்பு வாஷரில் இரண்டாம் கியரிலும் ஒலி வந்தது, இரண்டு வாஷர் போட்டதும் நியூட்ரலில் மட்டும் ஒலி வந்தது. ரிலே, ஃபியூஸ், மோட்டார் சைக்கிள் சுவிட்ச், ஒயர் எல்லாம் சேர்த்து மொத்தம் 700 ரூபாய்க்குள் முடிந்தது. எரிபொருள் நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கியரிலும் கிளட்சை மிதித்துச் சாவி போட்டுப் பார்த்தேன், ஸ்டார்ட்டர் அசையவில்லை. நியூட்ரலில் கிளட்சை மிதிக்காமல் போட்டபோதும் அசையவில்லை.

ஒரே ஒரு குறை: புதிய சுவிட்சின் கழுத்தில் இன்னும் லேசாக ஆயில் கசிகிறது. இரண்டு செம்பு வாஷர்களுக்கு இடையே கசிகிறதா, பழைய வாஷரை மறுபடி போட்டதாலா என்று தெரியவில்லை.

பதில் (கும்பகோணம், ஆட்டோ எலக்ட்ரீஷியன்)

பழைய செம்பு வாஷர் ஒரு முறை இறுகிவிட்டால் கெட்டியாகிவிடும், மறுபடி உட்காராது. அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்தால் மறுபடியும் இளகும். இரண்டுக்குப் பதிலாக அதே மொத்தத் தடிமனில் ஒரே வாஷர் கிடைத்தால் இன்னும் நல்லது. இறுக்கும்போது ஸ்பேனரில் தொங்க வேண்டாம். மேல்மூடி வார்ப்பு, மரை போய்விடும்.